லிஸ்பனின் தாஷ்கா: பழைய பாணி போர்த்துக்கீசிய உணவகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாஷ்கா என்பது எத்தகைய உணவகம்?

போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில், பெரிய வீதிகளிலிருந்து ஒதுங்கிய சந்துகளில், பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்தும் சிறிய உணவுக்கடைக்குத் தாஷ்கா என்று பெயர். எட்டு அல்லது பத்து மேசைகள், இடுப்புயரம் வரை வண்ண ஓடு பதித்த சுவர், கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, ஒரு பக்கம் நீண்ட கல்லாமேடை, மேசைமேல் துணிக்குப் பதிலாக விரித்த வெள்ளைத்தாள் ஆகியவை ஏறத்தாழ எல்லாக் கடைகளிலும் காணப்படுபவை. சன்னல் கண்ணாடியில் அன்றைய சமையலைக் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். ஆயினும் இந்தத் தோற்றம் மட்டுமே ஒரு கடையைத் தாஷ்கா ஆக்கிவிடுவதில்லை. அருகில் வேலைசெய்பவர்களும் அருகில் குடியிருப்பவர்களும் நாள்தோறும் வந்து, அதிகம் செலவில்லாமல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம் என்பதே அதன் இலக்கணம். தாள்விரிப்பும் பழைய ஓடுகளும் அந்தச் சிக்கனத்திலிருந்து வந்தவை.

பிற உணவகங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பீர் விடுதிகள் வேறு வகை. 1836-ல் ஒரு பழைய மடத்தின் இடத்தில் தொடங்கிய திரிந்தாதே அவற்றுள் புகழ்பெற்றது. நண்டும் இறாலும் எடைபோட்டு விற்கும் கடலுணவுக் கடைகளும், கோழியைக் கரிநெருப்பில் வாட்டித் தரும் கடைகளும் தனித்தனிப் பெயர் உடையவை. 'காசா தெ பாஷ்து' என்ற பெயர்ப்பலகை தென்பட்டால் அதைத் தாஷ்காவின் சற்றுப் பெரிய உறவுக்காரராகக் கருதலாம்; 'பாஷ்து' என்ற சொல்லுக்கு உணவு என்றும் மேய்ச்சல் என்றும் இரு பொருளும் உண்டு.

சில பழைய கடைகளைக் கரிக்கடை என்று ஏன் சொல்கிறார்கள்?

அவை உண்மையிலேயே கரிக்கடைகளாக இருந்தமையால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் லிஸ்பனில் தண்ணீர் சுமந்தார்கள், மூட்டை தூக்கினார்கள். கையில் சிறிது பணம் சேர்ந்தவர்கள் கடை வைத்தார்கள். அக்கடையில் வீட்டு அடுப்புக்கு வேண்டிய கரி ஒரு பக்கமும் பீப்பாயிலிருந்து பிடித்துத் தரும் திராட்சைமது மறுபக்கமும் விற்பனையாயின. 'கர்வுவாரியா' என்பது அதன் பெயர். கரி வாங்க வந்தவர் ஒரு கோப்பை மது அருந்துவார். மதுவுக்குத் துணையாகக் கடைக்காரரின் மனைவி ஏதாவது பொரித்து வைப்பார். எரிவாயுவும் மின்சாரமும் வந்தபோது கரி வணிகம் ஒழிந்தது, பொரித்து வைத்த தட்டு மட்டும் நிலைத்தது. பின்னாளில் போர்த்துக்கலின் வடக்கே உள்ள மீன்யு பகுதியிலிருந்தும் நடுப்பகுதியின் பெய்ரா மலையூர்களிலிருந்தும் வந்தவர்கள் இத்தொழிலில் இறங்கினார்கள். ஆகவே 'லிஸ்பன் சமையல்' என்று நாம் உண்பதில் பெரும்பங்கு, ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் ஊரை நினைத்துச் சமைத்ததேயாகும்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

மதிய உணவுக்கு, அதுவும் வார நாளில். பன்னிரண்டரை மணிக்குக் கதவருகே நின்றால் இடம் கிடைக்கும். ஒரு மணிக்குக் கட்டடத் தொழிலாளர்களும் வங்கி ஊழியர்களும் ஓய்வுபெற்ற முதியவர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். மூன்று மணியளவில் அடுப்பு அணைந்துவிடும். இரவு உணவு ஏழரைக்குமேல் தொடங்கும், ஆனால் பல கடைகள் மதியத்துக்காகவே வாழ்பவை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் விடுமுறை. ஆகஸ்ட் மாதத்தில் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுக் குடும்பமே சொந்த ஊருக்குப் போய்விடுவதும் வழக்கம் என்பதால், அந்த மாதத்தில் பயணம் செய்பவர்கள் ஒரே கடையை நம்பிப் போகாமலிருப்பது நலம்.

உணவுப்பட்டியலை எப்படிப் படிப்பது?

அச்சிட்ட பட்டியலை மூடிவையுங்கள். தாளில் எழுதி ஒட்டிய 'பிராத்து து தீயா', அதாவது அன்றைய உணவு என்ன என்று மட்டும் பாருங்கள். அங்கே இரண்டு அல்லது மூன்று பண்டங்கள் இருக்கும். அவையே காலையில் சந்தையிலிருந்து வந்தவை, அவையே பெரிய பாத்திரத்தில் வெந்துகொண்டிருப்பவை. ஒற்றை அடுப்படியில் ஒருவரோ இருவரோ ஐம்பது பேருக்குச் சமைக்கும்போது, முதலிலேயே செய்து வைத்ததே நன்றாக இருக்கும், விரைவாகவும் வரும். அச்சிட்ட பட்டியலிலிருந்து வேறொன்றைக் கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் காத்திருக்க நேரும், சுவையும் ஒரு படி குறைவாகவே இருக்கும்.

அளவைக் குறித்து ஒரு சொல் அவசியம். 'தோஸ்' என்றால் முழு அளவு, 'மெய்யா தோஸ்' என்றால் அரை அளவு. இந்த அரை அளவே நல்ல பசியுள்ள ஒருவருக்குப் போதும். முழு அளவு இருவருக்கானது. அரை அளவின் விலை முழு விலையில் சரிபாதியாக இராமல் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அரிசிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரே தட்டில் சேர்ந்து வந்தால் வியக்க வேண்டாம், அங்கே அது இயல்பு.

கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் ஒலிவுக்கும் பணம் தரவேண்டுமா?

உண்டால் தரவேண்டும், தொடாவிட்டால் தரவேண்டியதில்லை. உட்கார்ந்தவுடன் ரொட்டி, வெண்ணெய், ஒலிவுக்காய், சில வேளைகளில் சிறிய பாலாடைக்கட்டி என ஒவ்வொன்றாக வந்து சேரும். இதற்குக் 'கூவேர்' என்று பெயர். நம் ஊரில் இலை போட்டதும் வரும் ஊறுகாயைப்போல இதுவும் விலையில் அடக்கம் என்று எண்ணி உண்டுவிட்டு, பின்னர் கணக்குச்சீட்டைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக வருந்தும் வெளிநாட்டினர் பலர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாடிக்கையாளர் கேட்காததும் அவர் பயன்படுத்திக் கெடுக்காததுமான எந்த உணவுக்கும், கூவேர் உட்பட, கட்டணம் வாங்கக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. வேண்டாம் என்றால் புன்னகையோடு திருப்பி அனுப்பிவிடலாம். யாரும் மனம் நோகமாட்டார்கள். எனினும் அந்த ரொட்டியைத் திருப்பி அனுப்புவது பெரும் பிழை என்பது என் எண்ணம், ஏனெனில் பின்னால் வரும் குழம்பைத் துடைத்து உண்ண வேறு வழியில்லை.

கடலோர நாடாக இருந்தும் உப்புக்கண்டம் போட்ட மீனை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள்?

தாஷ்காவில் தவிர்க்க முடியாத 'பக்கல்யாவு', காட் என்னும் மீனை உப்பிட்டு உலர்த்தியது. நம் கருவாட்டுக்கு உறவு, ஆனால் பலகைபோலப் பெரியது, நாற்றமும் குறைவு. வியப்பு என்னவென்றால் இம்மீன் போர்த்துக்கல் கரையில் கிடைப்பதே இல்லை. வட அட்லாண்டிக்கில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே, பல நூற்றாண்டுகளாகப் போர்த்துக்கீசியர் சென்று பிடித்துவந்தார்கள். மாதக்கணக்கில் கப்பலில் கெடாமலிருக்க உப்பே வழி. சர்வாதிகாரி சலசாரின் அரசு 1934 முதல் இந்த மீன்பிடிப்பைத் தேசியத் திட்டமாகவே நடத்தியது. இன்று பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது.

சமைப்பதற்குமுன் ஒன்று முதல் இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைப் பலமுறை மாற்றி, உப்பை இறக்கவேண்டும். கடையின் தரத்தை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: ஊறவைத்ததில் அவசரம் காட்டிய கடையில் மீன் நாக்கைச் சுடும் உப்பாக இருக்கும், மிகையாக ஊறவிட்ட கடையில் பஞ்சுபோலச் சப்பென்றிருக்கும். முதல்முறை செல்பவர் 'பக்கல்யாவு ஆ பிராஷ்' கேட்கலாம்; மீனை நாராகப் பிய்த்து, தீக்குச்சி அளவில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடும் வெங்காயத்தோடும் முட்டை ஊற்றிக் கிளறி, மேலே கறுப்பு ஒலிவும் கொத்துமல்லியைப் போன்ற பார்ஸ்லி இலையும் தூவித் தருவது. முட்டை முழுதும் இறுகிவிடாமல் குழைவாக இருக்கவேண்டும். வெறுமனே வேகவைத்த மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, முட்டை, கொண்டைக்கடலை ஆகியவற்றின்மேல் ஒலிவெண்ணெய் ஊற்றித் தரும் வகையும் உண்டு. ஒளிந்துகொள்ள மசாலா எதுவும் இல்லாததால் சமையல்காரருக்கு அதுவே கடினமானது.

வேறு எவற்றை உண்டு பார்க்கலாம்?

குளிர்காலத்தில் 'குஸீது' கிடைக்கும் நாளைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். மாட்டிறைச்சி, பன்றியின் பல பாகங்கள், இரத்தம் சேர்த்துச் செய்தது உட்படப் பலவகைத் தொத்திறைச்சி, முட்டைக்கோசு, காரட், கிழங்கு அனைத்தையும் ஒன்றாக வேகவைத்து மலைபோலக் குவித்துத் தரும் இது, பல கடைகளில் வாரத்தில் ஒரே நாள்தான். அதன்பின் பிற்பகல் வேலை ஓடாது.

'ஈஷ்காஷ்' என்பது ஈரலை மெல்லிதாகச் சீவி, பூண்டும் பிரிஞ்சி இலையும் மதுவும் சேர்த்து ஊறவைத்து வாட்டியது. அதை 'கோம் எலாஷ்' என்று கேட்பார்கள். 'அவற்றோடு' என்பது பொருள். அவை எவை? வேகவைத்த உருளைக்கிழங்குகள். பெயர் சொல்லாமலே புரிந்துகொள்ளும் இந்தச் சுருக்கம் லிஸ்பன் பேச்சின் அழகு. இதே சொல், பிறகு சொல்லப்போகும் ஓர் இனிப்பு மதுவுக்கும் வரும்.

சன்னலில் 'இன்று நத்தை உண்டு' என்ற தாள் தென்பட்டால் வேனில் வந்துவிட்டது என்று அறியலாம். பெயரில் 'ர' எழுத்து இல்லாத மாதங்களில்தான் நத்தை உண்ணவேண்டும் என்பது அங்குள்ள வழக்கு. போர்த்துக்கீசிய மொழியில் மே முதல் ஆகஸ்ட் வரையிலான நான்கு பெயர்களிலும் அவ்வெழுத்து இல்லை. மத்தி மீனுக்கும் அதுவே பருவம். ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் திருநாளின் முந்தைய மாலையில், தாஷ்காக்கள் அடுப்பைத் தெருவுக்கே கொண்டுவந்து மத்தியைச் சுடும். அதை ஒரு துண்டு ரொட்டிமேல் வைத்துக் கையால் உண்பார்கள். மீனின் கொழுப்பு ஊறிய அந்த ரொட்டியைக் கடைசியில் உண்பதே உண்மையான பரிசு.

சைவ உணவு உண்பவர் உள்ளே போகலாமா?

போகலாம், ஆனால் விழிப்போடு. தாஷ்காவில் 'இறைச்சி இல்லை' என்று சொன்னால் மீன் கொண்டுவருவார்கள். ஆகையால் 'ஸேம் கார்ன, ஸேம் பெய்ஷ', அதாவது இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்லவேண்டும். கீரைபோல மெல்லிதாக நறுக்கிய கோசிலையில் செய்யும் 'கால்து வெர்த்' சூப்பில் பெரும்பாலும் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். பீன்ஸ் சோற்றிலும் அது ஒளிந்திருக்கக்கூடும். முட்டை உண்பவராயின் ஆம்லெட் எப்போதும் கிடைக்கும். அதைவிட 'பெய்ஷீன்யுஷ் தா ஓர்த்தா' இருக்கிறதா என்று கேளுங்கள். 'தோட்டத்துச் சிறுமீன்கள்' என்ற இப்பெயருக்குப் பயந்துவிடவேண்டாம்; மாவில் தோய்த்துப் பொரித்த பச்சை பீன்ஸ்தான், நம் பஜ்ஜியின் தூரத்து உறவு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஜப்பானுக்குக் கொண்டுபோன இம்முறையிலிருந்தே அங்குள்ள தெம்புரா பிறந்தது என்பார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் 'பித்தோக்' என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை மேலே வைத்த அந்த இறைச்சித்துண்டு பெரும்பாலும் மாட்டினுடையது.

உணவு காரமாக இருக்குமா?

இராது. மிளகாயைக் கப்பலேற்றி நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் தாங்கள் அதை ஒரு சிறு குப்பி எண்ணெயில் அடைத்து மேசையோரம் வைத்துவிட்டார்கள். வேண்டுமானால் 'பிரி-பிரி' என்று கேளுங்கள்.

குடிப்பதற்கு என்ன கேட்பது?

வீட்டு மது என்று சொன்னால் மண்குடுவையிலோ கண்ணாடிக் குடுவையிலோ கால், அரை, ஒரு லிட்டர் அளவில் வரும். முன்பு பீப்பாயிலிருந்து பிடித்தார்கள், இப்போது பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குள் உள்ள பையிலிருந்து. மது அருந்துவது பத்து லட்சம் போர்த்துக்கீசியருக்குச் சோறு போடுவதாகும் என்று சலசார் காலத்து அரசே விளம்பரம் செய்த நாடு அது. இன்று மதியம் தண்ணீர் மட்டும் குடிப்பவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. சிறு கோப்பைப் பீருக்கு லிஸ்பனில் 'இம்பெரியால்', போர்த்து நகரில் 'ஃபீனு'. உணவு முடிந்ததும் 'பீக்கா' என்னும் சிறிய கறுப்புக் காப்பி. அவ்வேளையில் பால் சேர்த்துக் கேட்டால் தருவார்கள், உள்ளூர்க்காரர் எவரும் கேட்பதில்லை.

புளிப்புச் செர்ரியில் ஊறிய 'ஜிஞ்சீன்யா' மதுவுக்குத் தனிக் கடையே உண்டு. ரோசியு சதுக்கத்தை அடுத்த சாவுன் தொமிங்குஷ் திடலில் 1840-ல் ஒரு கலீசியக்காரர் தொடங்கிய அந்தப் பொந்து போன்ற கடையில் நின்றபடியே குடிக்கவேண்டும். அங்கேயும் 'அவற்றோடா, அவை இல்லாமலா' என்றுதான் கேட்பார்கள். இம்முறை 'அவை' செர்ரிப் பழங்கள்.

சுவரில் கையை மடக்கிக் காட்டும் தாடிக்காரர் பொம்மை எதற்கு?

அவர் பெயர் ஸே பொவீன்யு, போர்த்துக்கீசியப் பாமர மனிதரின் உருவம். கேலிச்சித்திரக்காரரும் மட்பாண்டக் கலைஞருமான ரஃபேல் போர்தாலு பின்யெய்ரு 1875-ல் படைத்தவர். ஒரு கையால் மறு முழங்கையைப் பிடித்து அவர் காட்டும் சைகை மிக அநாகரிகமானது; அடியில் 'கடன் வேண்டுமா? இந்தா!' என்று எழுதியிருக்கும். சற்று நாகரிகமான கடைகளில் 'இன்று கடன் இல்லை, நாளை உண்டு' என்ற ஓடு பதித்திருப்பார்கள். நம் மளிகைக் கடைகளில் தொங்கும் 'இன்று ரொக்கம், நாளை கடன்' அட்டையைக் கண்டு வளர்ந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

தமிழருக்கு அங்கே அறிமுகமான சொற்கள் ஏதேனும் உண்டா?

எதிர்பார்ப்பதைவிட அதிகம் உண்டு. மேசை, சன்னல், அலமாரி, சாவி, பீப்பாய் ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து நம்மிடம் வந்த சொற்கள் என்பதைப் பலரும் அறிவர். இலங்கைத் தமிழில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளும் கரையோரத்தில் அதற்கு முன்பிருந்த தொடர்பும் அடுப்படி வரை நுழைந்துவிட்டன. ஒரு தாஷ்காவினுள் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பது கதிரை என்னும் நாற்காலியில் அல்லது வாங்கு என்னும் நீள்பலகையில். முன்னே விரித்திருப்பது தாளாலான துவாய், கையில் எடுப்பது பாண் என்னும் ரொட்டி. காப்பிக் கோப்பையின் கீழ் இருப்பது பீரிசு, உள்ளே சமையல் நடப்பது குசினியில். பணியாளர் இவற்றைச் சொல்லும்போது உச்சரிப்பு வேறுபட்டாலும் சொல் அதுவே. கள்ளுக்கடையைக் குறிக்கும் 'தவறணை'யும் மதுக்கடையைக் குறிக்கும் 'தவெர்னா'வும் ஒரே குடும்பம்.

எல்லாத் தாஷ்காவிலும் லிஸ்பனின் மரபுப் பாட்டான ஃபாது இசை இருக்குமா?

இல்லை. பெரும்பாலானவற்றில் இசை என்றால் தொலைக்காட்சிச் செய்திதான். அல்ஃபாமா, பைர்ரு ஆல்த்து, மொராரியா ஆகிய பழைய பகுதிகளில் சில கடைகளில் மட்டும் இரவில், தொழில்முறைப் பாடகரல்லாத அக்கம்பக்கத்தார் எழுந்து பாடும் 'ஃபாது வதீயு' நடக்கும். 2011-ல் ஃபாதுவுக்கு யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தபின் கூட்டம் பெருகியிருக்கிறது. பாட்டு தொடங்கினால் விளக்கு மங்கும், கரண்டிச் சத்தமும் கூடாது. பேசுபவரைப் பாடகரே அதட்டுவார்.

உண்மையான கடையையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது?

வாசலில் நின்று உங்களை அழைப்பவர் இருந்தால் தொடர்ந்து நடங்கள். உணவின் புகைப்படங்களோடு ஆறு மொழிப் பட்டியல் இருந்தாலும் அப்படியே. பழைய வண்டிச்சக்கரம், பூண்டுச்சரம், கட்டம்போட்ட மேசைத்துணி எனப் பழமையை வாங்கி மாட்டிய கடைகள் நகர மையத்தில் நிறையவே உள்ளன. உண்மையான தாஷ்காவில் பழமை யாரும் திட்டமிட்டதாக இராது: ஓடு உடையாததால் மாற்றவில்லை, நாற்காலி ஆடாததால் எறியவில்லை, அவ்வளவே. சில பழைய பொருள்கள் சட்டத்தால் மறைந்தும் போயின. மேசைமேல் திரும்பத் திரும்ப நிரப்பிய ஒலிவெண்ணெய்க் குப்பிகளை 2005-ல் வந்த அரசாணை விலக்கியது. 2006-ல் செயல்படத் தொடங்கிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பல அடுப்படிகளில் துருப்பிடிக்காத எஃகை ஏற்றியது. ஆகவே பளபளக்கும் எஃகு மேடையையும் குழல்விளக்கையும் கண்டு மனம் தளரவேண்டாம். மையத்தை விட்டு விலகி, காம்பு தெ ஒரீக், கம்ப்பொலீத், பென்ஃபீக்கா போன்ற குடியிருப்புப் பகுதிகளில் தேடினால் அழகற்ற கடையில் அருமையான சோறு கிடைக்கும்.

அண்மையில் இளம் சமையல்காரர்கள் 'புதிய தாஷ்கா' என்ற பெயரில் சிறு தட்டுகளில் நேர்த்தியாகப் பரிமாறும் கடைகளைத் திறந்திருக்கிறார்கள். சமையல் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே முன்பதிவு வேண்டும்; கட்டடத் தொழிலாளி தன் மதிய உணவுக்கு அங்கே வரமாட்டார் என்பதால் அந்தப் பெயரை அவற்றுக்குத் தர எனக்கு மனமில்லை.

இவை ஏன் மூடப்பட்டு வருகின்றன?

காரணம் ஒன்றல்ல. நீண்டகாலம் உறைந்திருந்த வாடகைகளை 2012-ன் சட்டத்திருத்தம் தளர்த்தியது; சுற்றுலாவும் பெருகவே, கட்டட உரிமையாளர்களுக்கு விடுதி லாபமாகத் தெரிந்தது. அதே ஆண்டு உணவக விற்பனை வரி 13 விழுக்காட்டிலிருந்து 23-க்கு உயர்ந்து, உணவுக்கு மட்டும் 2016-ல்தான் பழைய அளவுக்கு இறங்கியது. லிஸ்பன் மாநகராட்சி 2015-ல் 'வரலாறுள்ள கடைகள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது, 2017-ல் நாடாளுமன்றம் அதற்குச் சட்டத்தின் துணையும் தந்தது. பட்டியலில் இடம்பெற்ற கடைகளுக்கு வாடகையில் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் வாடகை மட்டுமே பகை அல்ல. சுற்றிலும் குடியிருந்தவர்கள் புறநகருக்குப் பெயர்ந்துவிட்டால் அன்றைய உணவை யாருக்குச் சமைப்பது? விடியலில் சந்தைக்குப் போய், இரவு வரை அடுப்பருகே நிற்கும் வாழ்க்கையைப் பிள்ளைகள் விரும்பாதபோது அவர்களை எந்தச் சட்டம் நிறுத்திவைக்கும்?

பணம் செலுத்தும் முறை என்ன?

கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்; அட்டை ஏற்கும் கடைகளிலும் சில, உள்நாட்டு 'முல்திபாங்கு' அட்டையை மட்டுமே ஏற்பவை. அன்பளிப்பு கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவருவது வழக்கம். குறை இருந்தால் எந்தக் கடையிலும் புகார்ப் புத்தகம் கேட்டு எழுதலாம், தர மறுப்பது சட்டப்படி குற்றம். கணக்கு வேண்டும்போது 'ஆ கோந்த்தா, ஸ ஃபாஷ் ஃபவோர்' என்று சொல்லுங்கள். பழைய கடையாயின் உரிமையாளர் காதிலிருந்து பேனாவை எடுத்து, நீங்கள் உண்டதை உங்களிடமே கேட்டு, மேசைத்தாளின் ஓரத்தில் எழுதிக் கூட்டுவார். நீங்கள் பணம் தந்து எழுந்ததும், கணக்கு, ரொட்டித்தூள், ஒலிவுக்கொட்டை எல்லாவற்றையும் சேர்த்து அந்தத் தாளைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்தவருக்குப் புதுத்தாள் விரிப்பார்.